தோண்டிய மண் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது

வங்கியில் இருந்த காலத்தில் கிணறு வெட்ட, கிணறு ஆழப்படுத்த என்று எத்தனையோ கடன் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மதிப்பீட்டில் வெட்டுக்கூலி, கல்கட்டு, மோட்டார், பைப் என்று எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். கடைசியில் 'மண் அப்புறப்படுத்த' என்று ஒரு வரி. அந்தத் தொகை நியாயமா என்று பார்ப்பேனே தவிர, அந்த மண் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று, மூணு ஏக்கர் வாங்கி, சொந்தக் காசில் குழி தோண்டிய பிறகுதான் அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது. பக்கத்து வயல்காரர் ரூபத்தில் வந்தது.

சும்மா போன மண் சும்மா போகலை

குற்றாலத்து மலையை மேற்கே பார்த்தபடி, தென்காசிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது எங்கள் தோட்டம். 2022 கோடையில் சின்னதாக ஒரு வீடு, ஒரு மாட்டுத்தொழுவம், ஒரு தண்ணீர்த்தொட்டி. மூன்றுக்கும் வானம் தோண்டியதில் முற்றம் முழுக்க மண்ணும் கல்லும் குவிந்துவிட்டது. நடக்க வழியில்லை. அப்போது ஒரு டிராக்டர்காரர் வந்தார். "டீசலுக்கு மட்டும் குடுங்க சார், நான் அள்ளிக்கிடுதேன்" என்றார். நல்லதாப்போச்சு என்று சம்மதித்தேன். முப்பது நடைக்கு மேல் போயிருக்கும். எங்கே கொட்டுகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

அவர் அதிக தூரம் போகவில்லை. எங்கள் தோட்டத்துக்கு இரண்டு வயல் கிழக்கே ஓடை வளைகிற இடத்தில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வருஷம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. மேலே புல் முளைத்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு மறந்திருக்காது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை அது. எங்கள் பக்கமும் கனமழைதான். ஓடையில் வந்த தண்ணீர் என் மண்மேட்டில் முட்டி, போக வழியில்லாமல் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் இறங்கிவிட்டது. நட்டு ஒரு மாசம் ஆன பிசான நெல். இருபது சென்ட் பரப்பில் சரளும் கல்லும் பரவிப் பயிர் மூடிப்போச்சு.

வயல்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். வரப்பில் நின்று ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மேனேஜர் சார், இது நம்ம ஓடைக் கல்லு இல்ல. உங்க வீட்டு வானத்துல எடுத்த கல்லு" என்றார். நஷ்டஈடு தருகிறேன் என்றேன். "துட்டு கெடக்கட்டும். மண்ண எடுத்துக் குடுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் சொல்லிவிட்டு இயந்திரம் வைத்து ஓடையைத் திறந்துவிட்டேன். வயலில் கிடந்ததை ஆள் வைத்துத்தான் அள்ள முடிந்தது. அள்ளிய மண் அத்தனையும் திரும்ப என் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. போகும்போது டீசல் காசு கொடுத்தேன். வரும்போது அதைப்போலப் பல மடங்கு கொடுத்தேன். இத்தனைக்குப் பிறகும் அந்த மூலையில் அண்ணாச்சியின் நெல் இன்னும் குட்டையாகத்தான் நிற்கிறது.

கமலைக் கிணற்றைப் போய்ப் பாருங்கள்

நம் முன்னோர் இந்தத் தப்பைச் செய்யவில்லை. கடையம், ஆழ்வார்குறிச்சி, ஆலங்குளம் பக்கம் பழைய கமலைக் கிணறு ஏதாவது மிச்சம் இருந்தால் போய்ப் பாருங்கள். கிணற்றை ஒட்டி ஒரு மண்மேடு, அதிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு தடம். மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கிய பாதை அது. கிணற்றில் எடுத்த மண்ணால்தான் அந்த மேட்டை எழுப்பினார்கள். எடுத்த கல் கிணற்றின் சுற்றுக்கட்டுக்குப் போனது. மிஞ்சிய சரள் வண்டிப்பாதைக்குப் போனது.

அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, கூலிக் கணக்குதான். தலைச்சுமையாக மண் தூக்கிய காலத்தில் தூரம் கூடக்கூடக் கூலி ஏறும். மதிப்பீட்டில் 'லீடு' என்று போடுவார்களே, அதுதான். அதனால் வெட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மண்ணுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார்கள். இயந்திரம் வந்த பிறகு தூரம் நமக்கு உறைக்காமல் போய்விட்டது. ஆனால் மண்ணைக் கழிக்க மலிவான வழி எதுவென்று கேட்டால், அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே பதில்தான். வாசலைத் தாண்டாமல் அதற்கு வேலை கொடுப்பது.

முதலில் கணக்கு

2024 கோடையில் பண்ணைக்குட்டை வெட்டத் தீர்மானித்தேன். இந்த முறை இயந்திரத்தைக் கூப்பிடும் முன்னால் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். மேலே 46 அடிக்கு 36 அடி, பக்கங்களில் சரிவு, ஆழம் 6 அடி. சராசரி அளவு 40க்கு 30 என்று வைத்துக்கொண்டால் 7,200 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 72 யூனிட்.

இங்கேதான் பலரும் ஏமாறுவது. தரைக்குள் இறுகிக் கிடந்த மண், வெட்டி வெளியே போட்டதும் காலில் ஒரு பங்கு வரை உப்பும். பாறையாக இருந்தால் பாதிப் பங்குகூட உப்பும். 72 யூனிட் குழியில் இருந்து கிட்டத்தட்ட 90 யூனிட் குவியல் வரும். டிராக்டரில் சுமார் 90 நடை. நடைக்கு 700 ரூபாய் என்று வைத்தாலே 63,000 ரூபாய், மண்ணை வெளியே அனுப்ப மட்டும். குட்டை வெட்ட மானியம் தேடி அலைகிற நாம் இந்தச் செலவை எழுதியே பார்ப்பதில்லை.

அதே 72 யூனிட்டைத் தோட்டத்துக்குள் எப்படிப் பங்கு போட்டேன் என்று சொல்கிறேன். உங்கள் நிலத்துக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேல்மண் — 16 யூனிட் — காய்கறிப் பாத்திக்கு
அடிமண் — 36 யூனிட் — குட்டையின் கரைக்கு
சரள் — 10 யூனிட் — பாதைக்கு
கல் — 10 யூனிட் — கல்வரிசைக்கும் நீர்வரத்துக்கும்

நாலு குவியல்

இயந்திரம் ஓட்டுகிற தம்பிகளுக்கு வேகம்தான் முக்கியம். ஒரு முனையில் ஆரம்பித்து அடிவரை தோண்டிக்கொண்டே போவார்கள். மேல்மண்ணும் பாறையும் ஒன்றாகக் கலந்துவிடும். கலந்த பிறகு பிரிக்க யாராலும் முடியாது. அதனால் முதலில் குட்டை முழுவதற்கும் மேல் ஓர் அடியை மட்டும் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அடிமண், பிறகு சரள், கடைசியில் கல். நாலு இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிட்டு, வேலை முடியும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போனால் முடிந்தது கதை. இதனால் இயந்திரத்துக்குக் கொஞ்ச நேரம் கூடும்தான். அந்த வாடகை, நடைக்கூலியில் ஒரு சிறு பங்குகூட வராது. வேளாண்மைப் பொறியியல் துறையிலும் மண் தள்ளும் இயந்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன, விசாரித்துப் பாருங்கள்.

மேல்மண்: உயிர் இருப்பது இதில்தான். இதைக் கரைக்குப் போட்டால் வைரத்தைக் கொண்டு வேலி கட்டின மாதிரி. பத்து சென்ட் காய்கறி நிலத்தில் 16 யூனிட்டைப் பரப்பினால் நாலு அங்குலத்துக்கு மேல் வரும். உடனே பரப்ப முடியாவிட்டால் நாலடிக்கு மேல் குவிக்காதீர்கள். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் நுண்ணுயிர்கள் மடியும். குவியல் மேல் வண்டி ஏற விடாதீர்கள். மேலே சணப்போ தட்டைப்பயறோ விதைத்து, மூடாக்குப் போட்டு வையுங்கள்.

அடிமண்: இதை ஒருபோதும் மேல்மண்ணின் மேல் பரப்பாதீர்கள். "மண்ணுதானே, நெரவி விட்டுருவோம் சார்" என்பார்கள். ஒரு நாள் வேலை, பல வருஷத்து விளைச்சல் போகும். கரை போடத்தான் இது சரியான மண். நான் போட்ட கரையின் அளவு: அடி அகலம் 9 அடி, தலை அகலம் 3 அடி, உயரம் 3 அடி. மேற்கே தண்ணீர் வர 24 அடி விட்டுவிட்டு, சுற்றி 200 அடி நீளம். இதற்கே 36 யூனிட் தின்றுவிட்டது. குட்டையின் விளிம்புக்கும் கரைக்கும் நடுவே 3 அடி இடம் விட வேண்டும். விடாவிட்டால் மண் சரிந்து குட்டைக்குள்ளேயே போகும். கரை போடும் இடத்தில் புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, முக்கால் அடி கனத்துக்கு ஓர் அடுக்காகப் போட்டு, நனைத்து, அழுத்தி, அதன்மேல் அடுத்த அடுக்கு. கரைச் சரிவில் வெட்டிவேர், தலையில் துவரை, வெளிப்பக்கம் பனங்கொட்டை வைத்தேன்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மணலும் கொஞ்சம் களியும் கலந்த அடிமண்ணில் சுமார் 5 சதம் சிமெண்ட் சேர்த்து, அழுத்து இயந்திரத்தில் சுடாத செங்கல் செய்யலாம். ஆரோவில் மண் கழகத்தார் பல வருஷங்களாக இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். கட்டுகிற இடத்திலேயே மண் எடுத்துக் கல் அறுத்து, எடுத்த குழியை மழைநீர்க் குட்டையாக்குவது அவர்கள் வழக்கம். ஒரே குழியில் சுவரும் ஆச்சு, தண்ணீரும் ஆச்சு. இதற்கு மேல்மண் ஆகாது. மக்கு இருந்தால் கல் பிடிக்காது.

சரள்: பத்தடி அகலம், நாலு அங்குலக் கனம் போட்டால் 10 யூனிட்டில் 300 அடி நீளப் பாதை வரும். மழைக்காலத்தில் மாட்டுவண்டியும் டிராக்டரும் சேற்றில் புதையாது. தொழுவத்தின் தரைக்கும் போடலாம். ஒரே ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். வெள்ளை வெள்ளையாக முடிச்சு தெரிந்தால் ஒன்றை எடுத்து நுணுக்கி, எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புச் சுக்கான். சங்கரன்கோவில் பக்கம் கரிசலுக்கு அடியில் இது நிறைய வரும். அதை எலுமிச்சைக்கும் நிலக்கடலைக்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இரும்புச்சத்து எடுபடாமல் இலை மஞ்சளாகிவிடும். பாதைக்குப் போட்டால் தொந்தரவு இல்லை.

கல்லுக்கு வேலை தேடினேன்

புளியரை வழியாகக் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற லாரிகளை எங்கள் மாவட்டத்தில் பார்க்காதவர் கிடையாது. மலையை உடைத்துக் கல் விற்கிற ஊரில், நாம் தோட்டத்துக் கல்லைக் காசு கொடுத்து அப்புறப்படுத்துகிறோம்.

கல்லுக்கு நல்ல வழி காட்டியது எங்கோ இருக்கிற ஒரு நாடு. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ. மழை குறைவு, வந்தால் மண்ணை அடித்துக்கொண்டு ஓடும். அந்த நாட்டின் யாதெங்கா பகுதியில் 1980களில் உழவர்கள் நிலத்தில் கிடந்த கற்களைச் சமமட்டக் கோட்டில் வரிசையாக அடுக்கினார்கள். ஆக்ஸ்பாம் அமைப்பு அவர்களுக்குச் சமமட்டம் பார்க்க ஒரு கருவியைக் கற்றுக்கொடுத்தது. என்ன கருவி தெரியுமா? தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழாய். நம் ஊர்க் கொத்தனார் வைத்திருக்கிற அதே டியூப் லெவல். கல்வரிசை தண்ணீரை அடைப்பதில்லை. வேகத்தைக் குறைத்துக் கசிய விடுகிறது. வண்டலும் சருகும் கல்லுக்கு மேற்புறம் தங்குகிறது. தரிசாய்க் கிடந்த நிலத்தில் மறுபடியும் சோளமும் கம்பும் விளைந்தன.

எங்கள் தோட்டம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவு. மேட்டுப்பகுதியில் டியூப் லெவல் வைத்துக் கோடு குறித்து, அரை அடி ஆழம் பறித்து, பெரிய கல்லை அடியிலும் சின்னதை மேலுமாக ஓர் அடி உயரத்துக்கு அடுக்கினேன். மூன்று வரிசை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எண்பது அடி இடைவெளி. சரிவு கூடுதலாக இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கண்ணால் பார்த்து மட்டம் போடாதீர்கள். ஒரு இடம் தாழ்ந்தாலும் தண்ணீர் எல்லாம் அங்கே கூடி அறுத்துவிடும்.

மிச்சக் கல்லில் குட்டைக்கு நீர் வரும் வாயில் தளம் பாவினேன். அதற்கு முன்னால் வண்டல் தங்க நாலடிக் குழி ஒன்று. வீட்டுக் கூரைத்தண்ணீர் இறங்கும் இடத்தில் ஓர் உறிஞ்சுகுழி. அதில் அடியில் பெரிய கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். எலுமிச்சை மரங்களைச் சுற்றி, தண்டில் இருந்து ஓர் அடி தள்ளி, கையளவுக் கற்களைப் பரப்பினேன். கோடையில் அதற்குக் கீழே ஈரம் நிற்பதைத் தோண்டிப் பார்த்தால் தெரியும்.

அசைக்க முடியாத இரண்டு பாறைகள் இருந்தன. வெடி வைக்கலாம் என்றார்கள். அனுமதியில்லாமல் வெடி வைப்பது குற்றம், ஆபத்தும்கூட. ஒன்றைக் கல் தச்சர் ஆப்பு வைத்துப் பிளந்து கொடுத்தார். இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டேன். அதன் மேல் உட்கார்ந்துதான் சாயங்காலம் சாரல் பார்க்கிறேன்.

வாசலைத் தாண்டினால் சட்டம் வரும்

நம் பட்டா நிலம், நம் மண், யார் கேட்பது என்று நினைக்காதீர்கள். கரை, சாலை, கட்டட வேலைகளில் நிரப்பவும் சமப்படுத்தவும் பயன்படும் சாதாரண மண்ணையும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு சிறுகனிமமாக அறிவித்துவிட்டது. சரளும் கல்லும் ஏற்கெனவே சிறுகனிமம்தான். உரிய அனுமதியும் நடைச்சீட்டும் இல்லாமல் லாரியில் ஏற்றினால் வண்டி பறிமுதல் ஆகும். 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. 'சும்மா அள்ளிக்கிடுதேன்' என்று வருகிறவர் அதை வெளியே விற்றால், எந்த நிலத்தில் அள்ளியது என்ற கேள்வி நம் வாசலுக்குத்தான் வரும்.

தோண்டிய மண்ணைத் தோட்டத்துக்குள்ளேயே பயன்படுத்துவது வேறு விஷயம். 2014 டிசம்பரில் புனே கட்டுமானச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மண்ணைத் தோண்டுவதாலேயே உரிமைத்தொகை விதிக்க முடியாது, அது எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொன்னது. தோண்டியதை அதே மனையில் நிரப்புவதை, வெளியே கொண்டுபோய் விற்பதோடு ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். என்றாலும் பெரிய அளவில் வெட்டுவதாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தார் அலுவலகத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். குளத்து வண்டலை வயலுக்கு எடுக்க 2024இல் இருந்து தாசில்தாரே அனுமதி தருகிறார். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர். அந்த 75 கனமீட்டருக்காக எத்தனை நடை அலுவலகம் ஏறி இறங்குகிறோம்! என் குட்டையில் வழித்தெடுத்த மேல்மண் மட்டும் 45 கனமீட்டர். அதைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே அனுப்பியிருப்பேன்.

மழை வைத்த பரீட்சை

2024 டிசம்பர் 12, 13. குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு விழுந்ததை எல்லோரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் டார்ச்சும் குடையுமாகப் போய்ப் பார்த்தேன். கரை நின்றது. கல்வரிசைகளுக்கு மேற்புறம் இரண்டு விரற்கடை வண்டல் தங்கியிருந்தது. நீர்வரத்து வாயில் மட்டும் தளக்கல் பெயர்ந்து ஒரு பள்ளம். சின்னக் கல்லாகப் பாவியது என் தப்பு. ஒரு ஆள் தூக்கத் திணறுகிற கல்லாக வைத்து மாற்றிக் கட்டினேன். ஓடையில் தண்ணீர் ஓடையாகவே போனது.

இயந்திரம் வரும் முன்னே

* எத்தனை யூனிட் வரும் என்று கணக்குப் போடுங்கள். உப்புவதற்குக் காலில் ஒரு பங்கு கூட்டுங்கள்.
* ஒவ்வொரு யூனிட்டுக்கும் இடம் குறித்த பிறகு நாள் குறியுங்கள்.
* எல்லா மண்ணுக்கும் இடம் இல்லை என்றால் குழியைச் சின்னதாக்குங்கள். அடுத்த வருஷம் பெரிதாக்கிக்கொள்ளலாம்.
* கோடையில் வெட்டுங்கள். ஈரமண்ணில் இயந்திரம் ஏறினால் நிலம் இறுகிவிடும்.
* ஓடை, வாய்க்கால், குளத்துப் புறம்போக்குப் பக்கம் ஒரு கூடைகூடக் கொட்டாதீர்கள்.
* வெளியே அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அனுமதிச் சீட்டைக் கண்ணால் பாருங்கள். கொட்டுகிற இடத்துக்கு முதல் நடையில் நீங்களும் ஏறிப் போங்கள்.

கடைசிக் குறிப்பை எழுதும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் அன்றைக்கு ஒரு நடை போயிருந்தால் போதும்.

போன மாசம் பக்கத்து வயல் அண்ணாச்சி வந்திருந்தார். அவர் கிணற்றை ஆழப்படுத்தப் போகிறாராம். கல்வரிசையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "அந்தக் குழாய ரெண்டு நாளைக்குத் தாங்க சார். மண்ண எங்கன போடணும்னு நீங்களும் வந்து ஒரு எட்டு பாருங்க" என்றார். டியூப் லெவலோடு நானும் போனேன். அவர் வயலின் அந்த மூலைக்கு என் மேல்மண் குவியலில் மிச்சம் இருப்பதைத் தர வேண்டும். அதற்கு எந்த அலுவலகத்தில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முதலில் கேட்டுவரப் போகிறேன்.